ஸீஸன் அறையும் ஆகஸ்ட் அறையும்

மே மாதத்தில் ஊட்டிக்குப் போய் வந்தவர்களை நிறுத்தி, "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். குளிரைப் பற்றிச் சொல்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். பாக்கி ஒன்பது பேரும், பர்லியாரிலிருந்து குன்னூர் வரையில் தங்கள் காருக்கு முன்னால் நகர மறுத்த இன்னொரு காரின் நம்பரைத்தான் மனப்பாடமாகச் சொல்வார்கள். 'ஏன் போனோம்?' என்று அலுத்துக்கொள்வார்கள். மறு வருஷமும் போவார்கள்.

எங்கள் குடும்பமும் இதற்கு விலக்கல்ல. ஒரு மே மாதத்தில் நான், என் மனைவி, குழந்தைகள் இருவர், ஒரு மைத்துனன் ஆகப் பரிவாரத்துடன் போய் இறங்கினோம். நாளுக்கு நாலாயிரம் ரூபாய் வாடகையில் ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி தரிசனம் கொடுத்தது. வெந்நீர் காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரைதான். ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு எழுந்த மைத்துனன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

அதற்கு அடுத்த வருஷம் ஆகஸ்டில் கோயமுத்தூரில் ஒரு கல்யாணம். முடிந்ததும், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு நடை மேலே போய்விட்டு வருவோம்" என்றாள் மனைவி. அதே விடுதி, அதே அறை, அதே தண்ணீர்த் தொட்டி. வாடகை மட்டும் ஆயிரத்து முந்நூறு! என் மனைவி விடுவாளா? விடுதியை நடத்தும் அம்மாளிடமே நேராகக் கேட்டுவிட்டாள்: "அக்கா, அந்த இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் எங்கே போச்சு?"

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆகஸ்ட் மாதப் பக்கங்களில் எழுத்தைவிட வெள்ளைத்தான் அதிகம். "நாற்பது நாள்ல சம்பாரிச்சு முந்நூத்தி இருபத்தஞ்சு நாள் சாப்பிடணுங் கண்ணு. மே மாசம் தண்ணி லாரிக்கு நான் கொடுக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

நேயர்களே, விடுதி வியாபாரத்தின் ரகசியம் முழுவதும் அந்த நோட்டில் இருக்கிறது. பூக்காரியிடம் இன்று மிஞ்சிய மல்லிகை நாளைக் காலையில் பாதி விலைக்காவது போகும். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு யாரிடம் விற்பது? அந்த ராத்திரி போனது போனதுதான். ஆகையால்தான் ஹோட்டல்காரர்கள் வாடகையை மட்டும் பார்ப்பதில்லை. வந்த மொத்த வாடகையை, நிரம்பிய அறைகளால் அல்ல, இருக்கிற அறைகள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்கிறார்கள். இதற்கு 'ரெவ்பார்' என்று வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கணக்குக்காக இருபது அறை உள்ள விடுதி ஒன்றை வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் மூவாயிரம் ரூபாய் வீதம் பதினெட்டு அறை போனால் வரவு 54,000. இருபதால் வகுத்தால் அறைக்கு 2,700. ஆகஸ்டில் 1,200 ரூபாய் வீதம் ஐந்து அறை போனால் வரவு 6,000, அறைக்கு 300. வாடகை பாதிக்கும் கீழேதான் இறங்கியது, ஆனால் வருமானமோ ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது! இப்போது வாடகையை 900 ஆக்கி எட்டுப் பேரை வரவழைத்தால் 7,200 கிடைக்கும். 'ஆஃப் ஸீஸன் சலுகை' என்று விளம்பரம் வந்தால் அது தர்ம சிந்தனையினால் வந்ததல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் லாபமான சங்கதி அது.

இந்த ஸீஸன் என்ற வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் கல் வீடு கட்டினார். பிற்பாடு சென்னை மாகாண சர்க்காரே கோடை தோறும் ஃபைல்களோடு மலையேறிற்று. 1899-ல் குன்னூர் வரை வந்த ரயில் 1908-ல் ஊட்டிக்கே வந்து சேர்ந்தது. சர்க்கார் மலையேறுவது என்றோ நின்றுவிட்டது. நாம்தான் அந்த வழக்கத்தை விடாமல், பள்ளிக்கூடத்து லீவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, பெரிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 2019-ம் வருஷம் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுப் பிரயாணிகள் 49 கோடிக்கு மேல் வந்ததாக மத்திய சர்க்காரின் புள்ளி விவரம் சொல்லிற்று. 2011 ஜனக் கணக்குப்படி நம் ராஜ்யத்தில் இருப்பவர்களே ஏழு கோடிச் சொச்சம். மயக்கம் வேண்டாம்! அது தலைகளின் எண்ணிக்கை அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி என்று ஒரே பாட்டி மூன்று ஊருக்குப் போய் வந்தால், ஒரு பாட்டி மூன்று வருகை ஆகிவிடுவார். கொரோனா வந்த 2020-ல் இந்த எண் 14 கோடியாகச் சுருங்கிற்று. வருகைகள் ஏறினால் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் போடுகிறோம் (நானும் போட்டிருக்கிறேன்). ஆனால் அந்தப் பாட்டி ராத்திரி தங்கினாரா, எத்தனை ரூபாய் செலவு செய்தார், அந்த ரூபாய் அந்த ஊரிலேயே நின்றதா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

ஊட்டியில் இது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. விடியற்காலையில் சமவெளியிலிருந்து கிளம்பிய கார் ஒன்று. புளியோதரையும் தயிர்சாதமும் டிக்கியிலேயே இருக்கின்றன. தாவரவியல் பூங்காவில் டிக்கெட், ஏரியில் படகு, ஒரு பொட்டலம் வர்க்கி. பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பஸ்தன் கையைக் கட்டித்தான் செலவு செய்ய வேண்டும். ஆனால் சாலைக்கும் குப்பை அள்ளுகிறவருக்கும் அந்தக் கார் கொடுக்கும் வேலை, மூன்று நாள் தங்குகிறவரின் கார் கொடுக்கும் வேலைக்குக் குறைந்ததல்ல. தங்குகிறவரோ மூன்று ராத்திரி வாடகை கொடுக்கிறார். காலை இட்லிக்கும் ராத்திரிச் சப்பாத்திக்கும் காசு கொடுக்கிறார். மழை வந்தால் ஸ்வெட்டர் வாங்குகிறார். அறை பெருக்கும் பெண்ணுக்கு வேலை நிலைப்பது இந்த ராத்திரிகளால்தான்.

கூட்டம் தாங்காமல் விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றுத்தான் வரவேண்டும் என்ற ஏற்பாடு 2024 மே 7 முதல் அமலுக்கு வந்தது. முதலில் அது பெயரைப் பதிவு செய்வதோடு சரி. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் கோர்ட்டு உச்சவரம்பும் வைத்தது. ஊட்டிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசாங்க பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் வேலையைச் சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைத்தார்கள்.

அந்த ஏப்ரலில் நீலகிரி வியாபாரிகள் கடையடைப்புச் செய்தார்கள். பட்டணத்தில் இருந்துகொண்டு, "இவர்களுக்கு மலையைவிடப் பணம் பெரிதா?" என்று கேட்பது சுலபம். நாற்பது நாள் வருமானத்தில் வருஷம் முழுவதும் அடுப்பெரிய வேண்டும் என்றால், அந்த நாற்பதில் ஒரு நாள் குறைந்தாலும் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்? வரம்பு வைத்தது சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் வண்டிகளை மாத்திரம் எண்ணினால் போதாது. பகலில் வந்து போகும் காரும் மூன்று ராத்திரி தங்கும் காரும் அந்தக் கணக்கில் ஒன்றே. ராத்திரிகளையும் எண்ணி, தங்குகிறவர்களுக்கு முதலில் இடம் கொடுத்தால், குறைந்த வண்டிகளைக் கொண்டே கடைக்காரர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். கூட்டம் குறைகிற மாதங்களிலும் ஆட்கள் வரும்படி செய்தால் இன்னும் விசேஷம்.

இங்கேதான் வீட்டு மந்திரியான தங்கள் தயவு வேண்டியிருக்கிறது. லீவு தேதி பள்ளிக்கூடத்தின் கையில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் கைக்குழந்தைக்காரர்கள், பெண்ணையும் பிள்ளையையும் கரையேற்றிவிட்டு ஓய்ந்தவர்கள், புது மணத் தம்பதிகள் இவர்களெல்லாம் மே மாதத்தில்தான் போக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? ஆகஸ்டில் மழைதான். அதை மறைக்க மாட்டேன். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிற்று. வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் அந்த மாதத்தில் மூட்டை கட்டக்கூடாது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது ஸீஸன் என்று பூங்காவில் மறுபடியும் பூத்தொட்டிகளை அடுக்குவார்கள். மே மாதத்தின் நெரிசல் அப்போது இராது.

வரி விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு ஐந்து. அதற்கு முன் பன்னிரண்டு இருந்தது. மூவாயிரம் ரூபாய் அறைக்கு 360 ஆக இருந்த வரி 150 ஆயிற்று. 7,500-ஐத் தாண்டினாலோ பதினெட்டு! ஒரு ரூபாய் வாடகை ஏறினால் வரி 375-லிருந்து 1,350-க்குத் தாவும். பில்லை வாங்கி மூக்குக் கண்ணாடியோடு பாருங்கள். பழைய வழக்கத்தில் பன்னிரண்டு போட்டிருந்தால் கேட்கத் தயங்காதீர்கள்.

போன வாரம் என் மனைவி அந்த விடுதி அம்மாளுக்குப் போன் செய்தாள். செப்டம்பரில் இரண்டு ராத்திரிக்கு அறை கேட்டாள்.

"மூணா இருந்துட்டுப் போங்க கண்ணு, மூணாவது ராத்திரிக்குப் பாதி கொடுத்தாப் போதும்" என்று பதில் வந்தது.

"அது இருக்கட்டும் அக்கா, வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும்?"

"கூட்டமில்லாதப்ப மணி என்னத்துக்குங்க? உங்க தம்பி எந்திரிக்கிறப்போ சொல்லச் சொல்லுங்க!"