அம்பாசிடருக்காக அழுகிறவர்களுக்கு



பழைய அம்பாசிடர் படத்தைப் போட்டு, "அதுவல்லவா கார்!" என்று ஏங்குகிறீர்கள். நம் பாலவனத்தத்தில் எத்தனை பேர் அதில் ஏறியிருக்கிறோம்? அமைச்சருக்கும் அதிகாரிக்கும் வந்த வண்டி அது. நமக்கு வாய்த்தது அருப்புக்கோட்டை பஸ்ஸும் வாடகை சைக்கிளும்தான்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்துச் செய்த வண்டி, 2014இல் உத்தரபாராவில் உற்பத்தி நிற்கும்வரை உருவம் பெரிதாக மாறவில்லை. போட்டியில்லாத காலத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இதுவா பொற்காலம்?

ஏங்குவதானால் ஒன்றுக்கு ஏங்குங்கள். கரிசல் காட்டு ரோட்டில் நின்றுபோனாலும் உள்ளூர் மெக்கானிக் நாலு ஸ்பேனரோடு வந்து கிளப்பிவிடுவார். இன்று போனட்டைத் திறந்தால் அவருக்கே கை ஓடவில்லை; கம்பெனி கம்ப்யூட்டரைத் தேட வேண்டியிருக்கிறது. அவர் பிழைப்புக்காகக் குரல் கொடுங்கள், கேட்கிறேன்.