அலாவுதீன் விளக்கு எரிஞ்சா ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க!

போன வாரம் 'கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதீங்க'ன்னு எழுதினதைப் படிச்சுட்டு, ஹாஸ்டல் மெஸ்ல ஒரு சீனியர் மடக்கினார். "எல்லாருக்கும் அட்வைஸ் பண்றியே, நீ ஒழுங்கா ஓட்டுவியாடா?" சாம்பார் வாளியைக் கீழே வெச்சுட்டு யோசிச்சேன். நியாயமான கேள்விதான். பதில் இந்த வாரம்.

எங்கப்பா திண்டுக்கல்ல வாடகைக் கார் ஓட்டுறார். சொந்த வண்டி, மஞ்சள் போர்டு, டீசல். டியூ இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நான் திருச்சியில மெக்கானிக்கல் மூணாவது வருஷம். போன செமஸ்டர் லீவுக்கு, விடியக்காலையில ஒரு பார்ட்டியை ஏர்போர்ட்ல இறக்கிவிட்டுட்டு, அப்படியே ஹாஸ்டலுக்கு வந்து என்னையும் ஏத்திக்கிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணு. மணப்பாறையில டீ குடிச்சுட்டு, "நீ ஓட்டுறியாப்பா, நான் கொஞ்சம் சாய்ஞ்சுக்கிறேன்"னு பின் சீட்டுக்குப் போயிட்டார். லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குக் கேக்கணுமா!

வையம்பட்டி தாண்டினதும் அடியில 'டொங்'குன்னு ஒரு சத்தம். லாரியிலேர்ந்து விழுந்த கல்லு போல. அப்பா புரண்டு படுத்தார், எழுந்திருக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வளைவுல டேஷ்போர்டுல சிவப்பா ஏதோ மினுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சது. அடுத்த வளைவுல மறுபடியும். அப்புறம் அணையவே இல்லை. மூக்கு நீண்ட ஒரு எண்ணெய்ச் சொம்பு, நுனியில ஒரு சொட்டு. அலாவுதீன் விளக்கேதான்.

ஆயில் கொஞ்சம் கம்மியா இருக்கும்போல, அய்யலூர்ல நிறுத்தி ஒரு லிட்டர் ஊத்திக்கலாம்னு நினைச்சேன். பெட்ரோல் ரிசர்வ்ல விழுந்தா அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டுறோம் இல்லையா, அந்த மாதிரி. அதுதான் நான் பண்ணின தப்பு.

இதுல வெட்கக்கேடு என்ன தெரியுமா? அதுக்குச் சரியா அஞ்சு நாள் முன்னாடிதான் மெஷின் டிசைன் பரீட்சையில, பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைப் புரட்டிப் புரட்டி, ஜர்னல் பேரிங் கணக்கை 13 மார்க்குக்குப் போட்டுட்டு வந்திருந்தேன். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல ஆயில் ஃபிலிம் எத்தனை மைக்ரான் இருக்கணும்னு ஸ்டெப் ஸ்டெப்பா எழுதினவன் நான். கண்ணுக்கு முன்னாடி எரியுற விளக்கு அந்த ஃபிலிமைப் பத்திதான் பேசுதுன்னு மண்டையில ஏறவே இல்லை.

அந்தச் சொம்பு ஆயிலோட அளவைச் சொல்றது இல்லை பாஸ். அழுத்தத்தைச் சொல்லுது. இன்ஜினுக்குள்ள கிராங்க் ஷாஃப்ட் நேரா உலோகத்து மேல உட்கார்ந்து சுத்தலை. ஆயில் பம்ப் அழுத்தி அனுப்புற எண்ணெய், முடியை விட மெல்லிசான ஒரு படலமா நடுவுல நிக்குது. அது மேலதான் மிதக்குது. டீசல் வண்டின்னா டர்போவும் உண்டு. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான் அது. அதுக்கும் உயிர் இதே எண்ணெய்தான்.

இந்த விளக்கை இயக்குறது இன்ஜின் பிளாக்குல இருக்குற ஒரு கட்டைவிரல் அளவு சுவிட்ச். அழுத்தம் இருந்தா உள்ளே இருக்குற தகடு தள்ளப்பட்டு கனெக்‌ஷன் விட்டுப்போகும், விளக்கு அணையும். அழுத்தம் விழுந்தா திரும்ப ஒட்டிக்கும், விளக்கு எரியும். சரி, எவ்வளவு விழுந்தா எரியும்? ஓடுற வண்டியில சாதாரணமா 2 முதல் 4 பார் வரைக்கும் இருக்கும். பல சுவிட்சுகள் ஏறக்குறைய அரை பார்க்குக் கீழே போனாத்தான் ஒட்டும். அதாவது இது முன்கூட்டி வர்ற எச்சரிக்கையே இல்லை. காலேஜ் பஸ் கிளம்பிப் போனப்புறம் அடிக்கிற அலாரம்! வளைவுல மட்டும் மினுக்கிச்சே, அதுதான் எனக்குக் கிடைச்ச ஒரே சான்ஸ். ஆயில் குறைஞ்ச சேம்பர்ல, வண்டி சாயும்போது பம்ப்போட வாய் காத்தை உறிஞ்சுது. அதைத்தான் அந்த மினுக்கல் சொல்லிச்சு.

அப்ப என்ன பண்ணியிருக்கணும்? இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கி, வண்டியை நிறுத்தி, உடனே இன்ஜினை அணைச்சிருக்கணும். வரிசை முக்கியம். ஓடும்போதே சாவியைத் திருப்பிடாதீங்க, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும். சாவியைக் கடைசி வரைக்கும் திருப்பி உருவிட்டா ஸ்டீயரிங் பூட்டிக்கவே செய்யும். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கணும். ஆயில் சரியா இருந்தும் விளக்கு எரியுதுன்னா, மறுபடி ஸ்டார்ட் பண்ணாம கட்டி இழுத்துக்கிட்டுப் போறதுதான் வழி. அசிங்கமா இருக்கும். ஆனா இன்ஜின் மிஞ்சும்.

நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சிருந்தேன். அதையும் மீறி 'கடகட'ன்னு ஒரு சத்தம் வந்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, தானா நின்னுடுச்சு. அப்பா எழுந்து உட்கார்ந்தார். முதல்ல ரோட்டைப் பார்க்கலை, என் தோளுக்கு மேல எட்டி டேஷ்போர்டைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா எரியுது?"

"இப்பதாம்ப்பா."

அதை அப்புறம் சொல்றேன். எப்படியும் அந்த லீவு முழுக்க ஒர்க்‌ஷாப்புலதான் உட்கார்ந்திருந்தேன், மத்த விளக்குகளையும் மெக்கானிக் அண்ணன்கிட்டயே கேட்டுக்கிட்டேன். அவர் சொன்ன முதல் பாடம் கலர். சிவப்புன்னா நிறுத்து. மஞ்சள்னா சீக்கிரம் கவனி. பச்சை, நீலம்னா ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டிருக்குன்னு தகவல், அவ்வளவுதான். இந்தப் படங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 2575னு ஒரு உலகப் பொது விதியே இருக்கு. அதனாலதான் ஜப்பான் கார்லயும் ஜெர்மன் கார்லயும் நம்ம ஊர் கார்லயும் அதே சொம்பு, அதே பேட்டரி. நீலம்னதும் ஞாபகம் வருது: அது ஹை பீம். எதிர்ல வர்றவன் கண்ணு கூசுறது உங்களுக்குத் தெரியாது, அதனாலதான் உங்க மூஞ்சிக்கு நேரா நீலமா ஒண்ணு எரியுது. நம்ம ஊர்ல அதை யாரும் பார்க்குறதா தெரியலை.

சிவப்பு பேட்டரி எரிஞ்சா எல்லாரும் பேட்டரி கடைக்கு ஓடுவாங்க. பேட்டரி பாவம், அது மேல தப்பே இருக்காது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தலைங்குறதுதான் செய்தி. பெல்ட் அறுந்திருக்கலாம். சில வண்டிகள்ல அதே பெல்ட்தான் தண்ணி பம்ப்பையும் சுத்துது. அப்ப பேட்டரி விளக்குக்குப் பின்னாலேயே டெம்பரேச்சர் ஏற ஆரம்பிக்கும்.

டெம்பரேச்சர் முள்ளு ஒரு சரியான ஃபிராடு. இன்ஜின் சூடாகி 90 டிகிரி பக்கம் வந்ததும் நடுவுல வந்து நிக்கும். அதுக்கப்புறம் அஞ்சு பத்து டிகிரி கூடக்குறைய ஆனாலும் பல வண்டிகள்ல அசையாது. வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு மேட்டுலயும் முள்ளு ஆடினா ஜனங்க பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு வந்து நிப்பாங்களாம். அதனால முள்ளு நடுவை விட்டு மேல நகர்ந்துட்டாலே விஷயம் சீரியஸ். இப்ப வர்ற பல சின்னக் கார்கள்ல முள்ளே கிடையாது: இன்ஜின் ஆறியிருந்தா நீல விளக்கு, கொதிச்சா சிவப்பு விளக்கு. இன்னொரு கூத்து, கூலன்ட் மொத்தமா ஒழுகிப்போயிட்டா சென்சார் தண்ணியில மூழ்காம வெறும் ஆவியில தொங்கும். அப்ப முள்ளு கீழேகூட இறங்கிக் காட்டும். உள்ளே இன்ஜின் வெந்துக்கிட்டிருக்கும்! சூடு ஏறுதுன்னா ஏ.சி.யை அணைச்சு, ஹீட்டரை ஃபுல்லா வெச்சு (ஆமா, மே மாசத்துலயும்தான்) ஓரம் கட்டுங்க. இன்ஜின் சூட்டுல கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்துல இருக்குறதாலதான் அது 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு. மூடியைத் திறந்த அந்த செகண்டே பொங்கி மூஞ்சியில அடிக்கும்.

வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி சிவப்பா எரிஞ்சா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கான்னு பாருங்க. எடுத்தும் எரிஞ்சா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு, ஓட்டாதீங்க. மஞ்சளா 'ஏ.பி.எஸ்.' மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் பிடிக்கும், வழுக்குறப்ப சக்கரம் லாக் ஆகாமக் காப்பாத்துற வேலை மட்டும் நடக்காது.

மஞ்சள் இன்ஜின் படம், அதான் 'செக் இன்ஜின்', தனிக் கட்டுரைக்கான விஷயம். அமெரிக்காவுல 1996 மாடல்லேர்ந்து எல்லாக் கார்லயும் ஓ.பி.டி.-2ங்குற கண்டறியும் சிஸ்டம் கட்டாயமாச்சு. இந்தியாவுல ஓ.பி.டி. முதல் கட்டம் 2010-லயும் ரெண்டாம் கட்டம் 2013-லயும் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்குற சாக்கெட்டுல ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகினா, போன்லயே கோளாறு நம்பர் தெரியும். ஆனா 'பி0171'னு வந்தா அர்த்தம், காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மிங்குறது மட்டும்தான். எந்தப் பார்ட்டை மாத்தணும்னு அது சொல்லாது. நம்பரைக் காட்டி சென்சாரை மாத்தச் சொல்ற கடையில கொஞ்சம் உஷாரா இருங்க. கிழிஞ்ச ஒரு ரப்பர் குழாயா இருக்கலாம். விளக்கு நிலையா எரிஞ்சா மெதுவா ஓட்டிக்கிட்டுப் போய்க் காட்டலாம். விட்டு விட்டு எரிஞ்சா மிஸ் ஃபயர். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்குது. நிறுத்திடுங்க.

ஹாஸ்டல்ல 'மச்சான், 120 தொட்டுட்டேன்'னு சீன் போடுறவங்களுக்காக ஒரு துக்கச் செய்தி. ஐ.நா.வோட 39-ஆம் ஒழுங்குமுறைப்படி ஸ்பீடாமீட்டர் நிஜ வேகத்தைவிடக் கம்மியா காட்டவே கூடாது. ஆனா 10 சதவீதமும் அதுக்கு மேல 4 கிலோமீட்டரும் கூடுதலா காட்டலாம். நிஜமா 100-ல போனா முள்ளு 114 வரைக்கும் காட்ட அனுமதி உண்டு. உங்க 120-ஐ நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. பெட்ரோல் பங்க் படம் பக்கத்துல இருக்குற குட்டி அம்புக்குறியைக் கவனிச்சிருக்கீங்களா? டேங்க் மூடி எந்தப் பக்கம்னு காட்டுது. ஃபோர்டு கம்பெனியில இருந்த ஜிம் மொய்லன்ங்குற இன்ஜினீயர், 1986-ல மழையில நனைஞ்சுக்கிட்டே வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டி வந்த கடுப்புல எழுதிக் கொடுத்த யோசனை அது. கடுப்புல உருப்படியா ஏதாவது பண்ணினவர்!

சரி, ஒர்க்‌ஷாப்புக்கு வர்றேன். கல்லு பட்டு ஆயில் சேம்பர்ல விரல் நீளத்துக்கு விரிசல். மெக்கானிக் அண்ணன் கிராங்க்கை வெளியே எடுத்து அப்பாகிட்ட காட்டினார். ஒரு இடத்துல சூட்டுல நீலம் பாரிச்சிருந்தது. "இது ஒரு நிமிஷத்துல ஆகுற வேலை இல்லண்ணே"ன்னார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "எவ்வளவு ஆகும்?"னு மட்டும் கேட்டார். 62,000 ஆச்சு. வண்டி 19 நாள் உள்ளேயே கிடந்தது. அந்த 19 நாளும் அப்பா ஆக்டிங் டிரைவரா அடுத்தவங்க வண்டிக்குப் போனார். அந்த மாச டியூவுக்கு அம்மாவோட வளையல் பேங்க்குக்குப் போச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. திட்டியிருந்தா தேவலாம்.

வண்டி வெளியே வந்த அன்னிக்கு சாவியை என் கையில கொடுத்து, "ஸ்டார்ட் பண்ணாத. ஒரு கட்டை மட்டும் திருப்பு"ன்னார். எல்லா விளக்கும் மொத்தமா எரிஞ்சது. சொம்பு, பேட்டரி, ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின். "எல்லாம் இருக்கா பாரு. இப்ப ஸ்டார்ட் பண்ணு. ஒவ்வொண்ணா அணையுதா பாரு." பல்பு உயிரோட இருக்கான்னு வண்டி தானே நடத்துற டெஸ்ட் அது. இந்த மூணு செகண்டுல ஒரு விளக்கு எரியவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க. பல்பு போயிருக்கணும், இல்லேன்னா யாரோ பிடுங்கியிருக்கணும். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறவங்க இதை மறக்காதீங்க. கோளாறைச் சரிபண்ணாம விளக்கைப் பிடுங்கி விக்கிறவங்க இருக்காங்க.

என் பேர் வர ஆரம்பிச்சதுலேர்ந்து அப்பா இந்த இணைப்பைக் காசு கொடுத்து வாங்குறார். கார் ஸ்டாண்டுல எல்லாருக்கும் காட்டிட்டுத்தான் படிப்பார். அதனால இங்கேயே சொல்லிடுறேன். அப்பா, அது 'இப்பதான்' இல்லை. எரிஞ்சு நின்னப்புறம் ரெண்டு பாட்டு முழுசா ஓடி முடிஞ்சிருந்தது.

(அடுத்த வாரம்: டயர் பக்கவாட்டுல பொறிச்சிருக்குற அந்த நாலு நம்பர் என்ன சொல்லுது?)