பிச்சாவரமும் தேய்மானக் கணக்கும்

பிச்சாவரம் என்றால் நம்மில் பலருக்குப் படகு சவாரியும் 'இதயக்கனி' படமும்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் மங்கலம்பேட்டையும் அதே கடலூர் மாவட்டம்தான், ஆனால் இந்தப் பக்கம் காடு என்றால் முந்திரியும் தைலமரமும்தான்!

அந்தச் சதுப்புக்காடு அழிந்ததற்கு ரொம்ப நாளாகச் சொல்லப்பட்ட காரணம், "ஊர்க்காரர்கள் மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள்" என்பது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய வெட்டு வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை வனத்துறையே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்து விற்றது. நிழல் போனதும் வெயிலில் சேறு வற்றி, தரை தட்டு மாதிரி உள்வாங்கிவிட்டது. ஓதத்தில் ஏறிய கடல் தண்ணீர் திரும்பி வடியவில்லை. தேங்கிக் காய்ந்து உப்பு ஏற ஏற, விதை விழுந்தாலும் முளைக்காத நிலம் ஆகிவிட்டது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கண்டுபிடித்து, வனத்துறையோடும் கிராமத்து மக்களோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டியது. நடுவில் பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். பார்க்க மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் உள்ளே வந்து வெளியே போக, உப்பு கழுவப்பட்டது. கரையில் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன.

இங்கேதான் என் பி.காம். மூளை குறுக்கே வருகிறது (மன்னிக்கவும்!). வாய்க்கால் ஒரு சொத்து என்றால் அதற்குத் தேய்மானம் உண்டு. வண்டல் சேரும், தூர்ந்து போகும், திரும்ப அள்ள வேண்டும். திட்டப் பணம் வெட்டுவதற்கு வரும், வருஷா வருஷம் அள்ளுவதற்கு யார் தருவார்கள்? அந்தத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குத்தான் வாய்க்கால் திறந்திருப்பதில் நேரடி லாபம். அவர்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிட்டால், கூலி நின்ற அன்றே மண்வெட்டியும் நின்றுவிடும்.

1990-ல் மத்திய அரசு கொண்டுவந்த கூட்டு வன மேலாண்மையில் மக்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் கடிவாளம் துறையின் கையில். 2006 வன உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போய், நீர்நிலை மீனுக்கும், சமூகக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கவும் உரிமை என்றே எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தொழிலாளிக்கும் பங்குதாரருக்கும் உள்ள வித்தியாசம்.

"அவர்களிடம் கொடுத்தால் வெட்டி விற்றுவிடுவார்கள்" என்கிறார்கள் சிலர். மொட்டையடித்து விற்றது யார் என்பதைத்தான் மேலே பார்த்தோமே!

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று மறு ஆண்டே ஓர் ஆய்வு வந்தது. மேட்டு நிலமும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் சரி. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சந்தோஷம். அதோடு, வண்டல் அள்ளும் ஊர்களுக்கு அதே தண்ணீரில் இறால் பிடிக்கும் உரிமை எழுத்தில் வேண்டும், கணக்குப் புத்தகம் அவர்கள் கையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கட்சி.