தோற்ற பிறகும் ஓயாத துப்பாக்கி

1945 ஏப்ரல் 18. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குள் அமெரிக்கப் படை தெருத்தெருவாக முன்னேறிக்கொண்டிருந்தது. பாலத்தைக் கடக்கும் சகாக்களுக்குக் காவலாக, ஒரு மாடிவீட்டு பால்கனியில் இயந்திரத் துப்பாக்கியோடு நின்றார் 21 வயது ரேமண்ட் போமன். மறைந்திருந்த ஜெர்மன் சிப்பாயின் தோட்டா அவரைச் சாய்த்தது. கூட இருந்த புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா அதைப் படமெடுத்தார். மே 14 ‘லைஃப்’ இதழில் படங்கள் வெளியானபோது ஜெர்மனி சரணடைந்திருந்தது.

லைப்சிக்கோ, நேச நாடுகள் முன்பே பேசி வகுத்த எல்லைப்படி சோவியத் பங்கு. ஜூலையில் அமெரிக்கர்கள் நகரத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு போமன் எதற்காகச் செத்தார்? வீண் சாவு என்று எழுதிவிடலாம்.

ஆனால் அதே நாளில், அதே நகரத்தின் ஓரத்தில் தெக்லா என்ற நாஜி வதைமுகாம் எரிந்தது. அங்கே மிஞ்சியிருந்த கைதிகளை எஸ்.எஸ். காவலர்கள் கொட்டகையில் அடைத்துத் தீவைத்தார்கள். 80 பேருக்கு மேல் மாண்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட எவருக்கும், படை இன்னும் ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றும்.

ஆகவே, அமெரிக்கர்கள் ஏன் முன்னேறினார்கள் என்பதல்ல, தோற்றது தெரிந்தும் ஜெர்மானியர்கள் ஏன் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. போரின் கடைசி நான்கு மாதச் சண்டையில் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மன் சிப்பாய்கள் செத்தார்கள். வெள்ளைக்கொடி கட்டிய வீட்டு ஆண்களைச் சுடச் சொல்லி எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் உத்தரவு போட்டிருந்தார். சாகப்போகிற ஆட்சிக்கு மிரட்ட மிஞ்சியது சொந்த ஜனங்கள்தான்.

தெற்கே ஆன்ஸ்பாக் ஊரில் 19 வயது மாணவர் ராபர்ட் லிம்பெர்ட், சண்டையின்றிச் சரணடையச் சொல்லித் துண்டறிக்கை போட்டார். ராணுவத் தொலைபேசிக் கம்பியை அறுத்தார். இரண்டு சிறுவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அதுவும் இதே ஏப்ரல் 18. அந்த ஊரின் ராணுவத் தளபதி கர்னல் மேயர் நகர்மன்ற வாசலில் தன் கையாலேயே அவரைத் தூக்கிலிட்டார். கயிறு அறுந்தது, மறுபடியும் மாட்டினார். பிறகு ஊரைவிட்டே ஓடிவிட்டார். சில மணி நேரத்தில் அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள்.

போருக்குப் பிறகு கர்னல் மேயருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதையும் அவர் முழுதாக அனுபவிக்கவில்லை.