கோளாறு கியர்ல இல்லீங்ணா, புஷ்ஷுல!

எங்க அப்புச்சி வாங்கின 1972 அம்பாசிடர், மார்க் 2, இன்னும் வீட்ல ஓடிட்டிருக்கு. அதை வெளிய எடுத்தாப் போதும், கோயமுத்தூர்ல பாக்குற அத்தனை பேரும் ஒரே வைத்தியம்தான் சொல்றாங்க. "ஸ்டியரிங் கியரைக் கழட்டிக் கடாசிட்டு இசுசு அஞ்சு கியரைப் போட்டுருங்ணா, வெண்ணெயாட்டம் விழும்!"

கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அதான் இந்தப் பதிவு.

மக்களே, கியர் ஏன் சிக்குதுன்னு யோசிச்சீங்களா? லிவர் ஸ்டியரிங்ல, கியர்பாக்ஸ் இன்ஜினுக்குப் பின்னாடி. நடுவுல கம்பி, லிங்கேஜ், புஷ். அம்பது வருஷத்துல தேயறது புஷ்தான். தேஞ்சா லிவர் ஒரு பக்கம் இழுக்கும், செலக்டர் வேற பக்கம் நிக்கும். சிக்னல்ல பானட்டைத் தூக்கிக் கையால தட்டிவிட்ட டிரைவருங்களைப் பாத்திருப்பீங்களே? அதேதான். ஃபர்ஸ்ட் கியர்ல 'கர்'ருங்குதா? அதுக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நின்னப்புறம் போடுங்க சாமி!

எங்க வண்டிக்கு சிங்காநல்லூர்ல ஒரு பெரியவர் புஷ்ஷை மாத்தி, லிங்கேஜை செட் பண்ணி அன்னிக்குச் சாயங்காலமே குடுத்துட்டார். இப்ப எங்கம்மாவே ஓட்டறாங்க.

மாத்தினா என்ன ஆகும்? இசுசு பாக்ஸ், 90-கள்ல வந்த 1800 ஐஎஸ்ஸட் வண்டியோட இன்ஜினுக்குப் பொறந்தது. பழைய 1489 சிசி பிஎம்சி இன்ஜின்ல நேரா உக்காராது. நடுவுல பிளேட் கடைஞ்சு போடணும், இல்லாட்டி இன்ஜினையே மாத்தணும். ஷாஃப்ட் நீளம் மாறும். ஃப்ளோர்ல ஓட்டை போடணும். அப்புச்சி, அம்மாயி, நடுவுல நான்னு மூணு பேர் உக்காந்து பழனிக்குப் போன முன் சீட்டுல, நடு ஆளோட முழங்கால் இருந்த எடத்துல கியர் கம்பி நிக்கும்.

இன்னொண்ணு. 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியணும்னா சேஸி, பாடி, இன்ஜின் மூணுலயும் பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. பாக்ஸுக்காக இன்ஜினை மாத்தினா அதுவும் போச்சு.

தினமும் சேலம் ரோட்டுல விரட்டறவருக்கு அஞ்சாவது கியர் வரம்தான், இன்ஜின் கத்தாது. ஒத்துக்கறேன். மாத்துங்க. ஆனா பழைய பாக்ஸையும் லிவரையும் கிரீஸ் தடவிச் சாக்குல கட்டி வீட்டுலயே வைங்க. எங்க பெரியம்மா பையன் அப்படி வைக்கலை. கழட்டின பாக்ஸை ஒர்க்‌ஷாப்காரங்க கிலோக் கணக்குல பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. இப்ப பழையபடி வேணும்னு உக்கடம் பூரா தேடிட்டிருக்கார்.

உத்தர்பாராவுல அம்பாசிடர் தயாரிப்பு 2014-லயே நின்னுடுச்சு. இருக்கறதை உடைச்சா, அம்புட்டுத்தானுங்க.

டிஸ்கி: "நீ பாக்ஸையே கழட்டினதில்லையே"ன்னு கேக்காதீங்க. அதனாலதான் எங்க வண்டி ஓடுது. ஹிஹி.