எதிரே எவரும் வராத விபத்து

விடியற்காலையில் வேன் ஒன்று சாலையை விட்டிறங்கிப் புளியமரத்தில் மோதியது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். எதிரே வண்டி வரவில்லை, மழையில்லை, சாலையோ நேரானது. “ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்” என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஏன் இழந்தார் என்று கேட்பாரில்லை.

இத்தகைய விபத்துகள் பலவற்றிற்குக் காரணம் உறக்கமே. பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உடல் தானாகவே உறக்கத்தை நாடும் வேளை. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் அயர்ந்துவிடும். அயர்ந்தவரே அதை அறியார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 4 நொடிகளில் ஏறக்குறைய 67 மீட்டர் ஓடிவிடும். உறங்குபவர் பிரேக்கை மிதிப்பதில்லை. ஆதலால் வேகம் சற்றும் குறையாமலே மோதல் நிகழ்கிறது.

திடுக்கிட்டு விழிப்பவருக்கோ வேறோர் ஆபத்து. தார்மேல் தார் போட்டு உயர்ந்துவிட்ட சாலைக்கும் மழையில் கரைந்த மண் ஓரத்திற்கும் இடையே பல இடங்களில் படிபோன்ற பள்ளம் உண்டு. சக்கரம் அதில் இறங்கியதும் பதறி, ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்பினால், விளிம்பில் உரசிய சக்கரம் திடீரென மேலேறி வண்டியை எதிர்ப்புறம் வீசிவிடும், கவிழ்த்தும் விடலாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் நன்கு தணிந்தபின் மெல்ல ஏறுவதே முறை.

ஆயினும் ஓட்டுநரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டியவரை அழைத்து, இரவே வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டு, மறுநாள் இரவே திரும்பத் திட்டமிடுபவர் யார்? ஒருநாள் அறை வாடகையை மிச்சம்பிடிக்கும் நாமல்லவா? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் வரையறுத்தது. நம் பயணத் திட்டங்களில் அந்தக் கணக்கு இடம்பெறுவதேயில்லை.

உரத்த பாட்டும், முகத்தில் தெளிக்கும் தண்ணீரும் சில நிமிடங்களுக்கே உதவும். காப்பி வேலை செய்ய அரைமணி நேரம் ஆகலாம். எனவே காப்பியைக் குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, 20 நிமிடம் கண்ணயர்வது நல்லது. அதுவும் தற்காலிக உதவியே. இரவு உறக்கத்திற்கு ஈடாகாது.

அடுத்தமுறை வேன் பேசும்போது, வாடகையோடு, “நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், தம்பி?” என்றும் கேளுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் பயணத்தைக் காலைக்குத் தள்ளிவையுங்கள். முன்னிருக்கையில், விழித்திருக்க வல்ல பெரியவர் ஒருவர் அமரட்டும். ஓட்டுநர் இருமுறை கொட்டாவி விட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமையைப் புறப்படும்போதே, எல்லார் முன்னிலையிலும், அவருக்கு அளித்துவிடுங்கள்.