சீசாவுக்கு எல்லைச்சாமி யார்?

இராசபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். மலையிலிருந்து ஆறு இறங்கி வரும் இடம். ஊர் எல்லையைக் காப்பவர் அய்யனார் என்பது கிராமத்தார் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு இன்று வழக்காட நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு. குழந்தையின் வாயில் ஊற்றுகிறோமே மருந்து, அந்தச் சீசாவுக்கு எல்லைச்சாமி யார்? குதிரையேறி ஒருவர் வருவாரா? அரிவாள் ஏந்தி நிற்பாரா? வரமாட்டார்! வரவேண்டியவர் சோதனைச்சாலை அலுவலர். அவர் ஏந்த வேண்டியது அளவுகோல்.

அந்த அளவுகோல்களில் ஒன்று வெளிச்சம். வியப்பாக இருக்கிறதா? அய்யனார் கோவில் ஆற்றையே பாருங்கள். தெளிந்து ஓடும் நாளில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். மலைமழை பெய்த மறுநாள் முழங்கால் ஆழத்துக் காலே தெரியாது. என்ன நடந்தது? கலங்கல் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டது. கலங்கல் மிகுந்தால் வெளிச்சம் குறையும். ஆழம் மிகுந்தாலும் வெளிச்சம் குறையும். ஆழத்தைப் பற்றிய கணக்கை 1729-இல் பிரெஞ்சு நாட்டுப் பூகேயும், 1760-இல் லாம்பர்ட்டும் எழுதி வைத்தனர். கரைந்த பொருளின் அளவைப் பற்றிய கணக்கை 1852-இல் ஜெர்மானியரான பீர் சேர்த்தார்.

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலைக் கரைத்தால் கண்ணுக்கு நிறமில்லை. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை, 257 நானோமீட்டர் அலைநீளத்தில் பாய்ச்சினால், அது விழுங்குகிறது. மருந்துநூல் வகுத்த முறை இது: 150 மில்லிகிராம் மருந்துள்ள மாத்திரைத் தூளைக் காரநீரில் கரைத்து, படிப்படியாக நீர்த்து, ஒரு மில்லிலிட்டரில் 7.5 மைக்ரோகிராம் என்ற நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குவார்ட்சுக் கிண்ணத்தில் ஊற்றி ஒளியைச் செலுத்துகிறார்கள். மருந்து முழுதாக இருந்தால் கருவி காட்டும் எண் ஏறக்குறைய 0.536. அதில் பாதியான 0.268 வந்தால் மாத்திரையில் மருந்து பாதிதான்! 500 என்று அட்டையில் அச்சடித்துவிட்டு 250 வைத்து விற்றவன் அங்கே அகப்படுவான். ஒளி எவனிடமும் கை நீட்டாது. சிபாரிசுக் கடிதம் படிக்காது.

நல்ல சாட்சி! ஆனால் இந்தச் சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். அந்த எல்லையில்தான் எமன் நுழைந்தான்.

2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட தொட்டில்கள் வெறுமையாயின. மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். செய்த இடம்? சொல்ல நாக் கூசுகிறது. நம் காஞ்சிபுரம் மாவட்டம்! அக்டோபர் 1 அன்று அங்கிருந்து தகவல் வந்தது. ஆயுத பூஜை, காந்தி பிறந்தநாள் விடுமுறை என்று பாராமல் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்தது. மறுநாளே முடிவு சொன்னது. டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு! இருக்கலாம் என்று விதி பொறுத்துக்கொள்ளும் எல்லை 0.1 விழுக்காடு.

இந்த நஞ்சு நிறமற்றது, இனிப்பானது, பாகு போன்றது. மருந்தைக் கரைக்கும் நல்ல திரவத்தைப் போலவே தோற்றம், விலையோ மலிவு. இன்னொரு கேடும் உண்டு. பாராசிட்டமாலை அளக்கும் அந்தப் புறஊதா ஒளியை இது விழுங்குவதில்லை. ஆகவே பாராசிட்டமால் சரியாக இருக்கிறதா என்று ஒளியைக் கேட்டால், “சரியாக இருக்கிறது” என்றே பதில் வரும். பக்கத்தில் நஞ்சு பாதி நிற்பதை அது காணாது. தெளிந்த ஆற்று நீரில் கரைந்துள்ள உப்பைக் கண் காணுமா? நஞ்சைப் பிடிக்க வாயு குரோமட்டோகிராபி என்ற வேறு சோதனை வேண்டும். அது நம் சோதனைச்சாலைகளில் இல்லாததல்ல. கேட்க வேண்டிய கேள்வியைக் குழந்தை சாவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்!

புதிய கேடா இது? 1937-இல் அமெரிக்காவில் இதே நஞ்சு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டே அந்நாடு புதுச் சட்டம் செய்தது. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 உயிர்கள். 2022-இல் ஆப்பிரிக்கக் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள். இந்தியாவில் செய்த மருந்துகளைக் காட்டி உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. உலகம் முகம் சுளித்தது. டெல்லி என்ன செய்தது? ஏற்றுமதியாகும் இருமல் மருந்துக்குச் சர்க்கார் சோதனைச் சான்று கட்டாயம் என்று, 2023 ஜூன் 1 முதல் ஆணையிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கப்பலேறும் சீசாவுக்குக் காவல், நம் ஊர்க் கடைக்கு வரும் சீசாவுக்குக் காவல் இல்லையா? அயல்நாட்டுப் பிள்ளையின் சிறுநீரகம் ஒரு விலை, சிந்த்வாராப் பிள்ளையின் சிறுநீரகம் வேறொரு விலையா? 2025 அக்டோபரில், பிள்ளைகளைப் புதைத்த பிறகுதான், வாய்வழித் திரவ மருந்துகளில் இந்த நஞ்சுக்கான சோதனையை மருந்துநூல் கட்டாயமாக்கியது.

டெல்லியை மட்டும் கேட்டுவிட்டுக் கோட்டையை விடுவது நேர்மையாகாது. தொழிற்சாலைக்கு உரிமம் கொடுப்பதும், உள்ளே போய்ப் பார்ப்பதும் மாநிலத்தின் பொறுப்பு. சாவுகளுக்குப் பிறகு மருந்து ஆய்வாளர்கள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நிறுவனத்தின் உரிமமும் இரத்தாயிற்று. ஒரே நாளில் நஞ்சைக் கண்டுபிடித்த திறமையைப் பாராட்டுகிறோம். அந்தத் திறமை மே மாதத்தில் மருந்து தயாரானபோதே எங்கே போயிற்று?

இராசபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள் நம் நெசவாளத் தோழர்கள். நோயாளியைத் தொடும் பொருளைச் செய்வதன் பொறுப்பை அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் சார்பிலும் கேட்கிறோம்: கரைப்பான் பீப்பாய் ஒவ்வொன்றும் ஆலைக்குள் நுழையும்போதே சோதிக்கப்படட்டும். ஒவ்வொரு தொகுதி மருந்தும் வெளியேறுமுன் சோதிக்கப்படட்டும். முடிவு தொகுதி எண்ணோடு பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும். ஆய்வாளர் பணியிடம் காலியாகக் கிடக்க வேண்டாம்.

தாய்மார்களே! மருந்து வாங்கினால் ரசீது கேளுங்கள். சீசாவிலுள்ள தொகுதி எண்ணைப் பாருங்கள். மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்கு இருமல் மருந்து ஊற்றாதீர்கள். மற்றதைச் செய்ய வேண்டியவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்போம்!